கேம் ஆடினதால் கெட்டுப்போகல

கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துபோனால் நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு வருவது அதை வைத்திருக்கும் பையன்தான். "ராத்திரி பகலா அதுலயே உக்காந்திருந்தா சூடாகாம என்ன பண்ணும்?" என்பார் அப்பா. சர்வீஸ் கடைக்காரரும் தலையை நிமிர்த்தாமலே, "கேம் எல்லாம் போட்டா இப்படித்தான் ஆகும் தம்பி" என்பார். வீடும் கடையும் ஒத்துப்போகிற அபூர்வமான விஷயம் இது. தீர்ப்பு வந்தாச்சு. கேபினட்டின் மூடியை மட்டும் இன்னும் யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

இந்தத் தீர்ப்பு பொய் என்பதுதான் என் கட்சி. இட்லி மாவு அரைத்ததால்தான் கிரைண்டர் கெட்டுப்போச்சு என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அம்மா சும்மா விடுவாரா? கேம் ஆடுவதற்கென்றே விற்ற மெஷினுக்கு மட்டும் அதே பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். வீடியோ எடிட்டிங்கோ பிளெண்டரில் ரெண்டரோ போட்டால் பல கேம்களைவிடப் பிராசஸர் அதிகம் சூடாகும். ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவரிடம் போய் "எடிட் பண்ணாதீங்க, சரியாயிடும்" என்று யாரும் சொல்வதில்லை. அவர் செய்வது தொழில், இவன் செய்வது விளையாட்டு. பிராசஸருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

திருச்சியில் என் அக்கா பையன் இருக்கிறான், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சனி ஞாயிறுகளில் மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்தது பாதி, அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்தது பாதி என்று ஒரு மெஷின் வாங்கினான். ஐ5-12400எஃப், கூடவே நடுத்தரமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. ஜிடிஏ 5 போட்டால் பத்து நிமிஷத்தில் ஜெர்க் அடிக்கும், அப்புறம் ஆஃப். கடையில் மூன்று முறை ஃபார்மட் செய்தார்கள், ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஏசி அறையில் வெறும் டெஸ்க்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று அனுப்பினார்கள். நாலாவது முறை, "கார்டு போயிருச்சு. எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோ" என்றார்கள். போய்விட்ட கார்டுக்கு 4,000 ரூபாய் தருகிறார்களாம்! செத்த மாட்டுக்கு இவ்வளவு விலை யார் கொடுப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் எனக்கு ஃபோன் செய்தது கடன் கேட்க. "மாமா, ஒரு பதினஞ்சாயிரம் இருக்குமா?" டெம்பரேச்சர் எவ்வளவுடா காட்டுது என்று கேட்டேன். "எந்த டெம்பரேச்சர்?" என்றான். நாலு முறை கடைக்குப் போய் வந்த மெஷினின் சூட்டை ஒரு முறைகூட யாரும் அளக்கவில்லை. காய்ச்சல் என்று போனவனுக்கு தெர்மாமீட்டரே வைக்காமல் நாலு ஊசி போட்ட கதை.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் போடச் சொன்னேன். சும்மா இருக்கும்போதே பிராசஸர் 72 டிகிரி. கேமைத் திறந்த ஒரு நிமிஷத்துக்குள் 100. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட கார்டோ 68-ல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வீடியோ காலிலேயே மூடியைக் கழற்ற வைத்தேன். கம்பெனியோடு வரும் கூலரில் நாலு பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும், மதர்போர்டின் நாலு ஓட்டைகளில் அழுத்தி மாட்ட வேண்டியவை. அதில் ஒன்று மாட்டவே இல்லை. கூலர் ஒரு பக்கம் சாய்ந்து, பேஸ்ட் பாதிப் பரப்பில் மட்டும் ஒட்டியிருந்தது. பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிய தெர்மல் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலைகளாக 'டக்' சத்தம் கேட்கும்வரை அழுத்தினான். பேஸ்ட் 250 ரூபாய். 36 டிகிரி அறையில் அதே கேம், இப்போது 78.

கடைக்காரர்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. ஃபார்மட்டுக்குக் காசு வாங்கலாம். ஒரு மணி நேரம் கேமை ஓடவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆகவே ஃபார்மட் நம் சர்வீஸ் உலகத்தின் வேப்பிலை ஆகிவிட்டது. எந்தப் பேய் என்று விசாரிக்காமலே அடிக்கலாம். ஆனால் அடி வாங்கும் மெஷினில் ஒருவனுடைய புராஜெக்ட், ஃபோட்டோ, எழுதி வைத்த கதை எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அணைந்துபோவதிலும் வகை உண்டு. பிராசஸர் சூடானால் உடனே சாவதில்லை. முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும், அதற்கும் மேலே போனால்தான் பவர் போகும். திணறலே இல்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று மொத்தமாக இருண்டால் எஸ்எம்பிஎஸ் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வரும். திரை மட்டும் கறுத்து ஃபேன்கள் பேய்த்தனமாகச் சுற்றினால் கார்டைப் பார்க்க வேண்டும். கேம் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் உயிரோடு இருந்தால் சூடே காரணமாக இல்லாமல் போகலாம். ரேம், டிரைவர் என்று தேட வேண்டும். சில கடைகளில் ஈவன்ட் வியூவரைத் திறந்து 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைக் காட்டி, "பாருங்க, பவர் சப்ளை அவுட்" என்பார்கள். அந்த வரி சொல்வது, கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டும். அது நமக்கே தெரியும், அதனால்தானே தூக்கிக்கொண்டு வந்தோம்!

நம் ஊருக்கே உரிய இன்னொரு வில்லன் மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ். சாதாரணமாக விற்கும் 600 வி.ஏ. யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட்தான். கேம் உச்சத்தில் இருக்கும்போது கார்டு ஒரு கணம் கூடுதலாக இழுக்கும். அதே நேரத்தில் கரண்ட் ஏறி இறங்கினால், அதுவும் தெருவே ஏசி போட்டிருக்கும் மே மாத ராத்திரியில், யுபிஎஸ் கையை விரித்துவிடும். கம்ப்யூட்டர் செத்தது என்று நாம் நினைப்போம். யுபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் சொருகி ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதையும் முதலில் கடையில்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கடைக்குப் பொருளை அனுப்புகிற கம்பெனிகள் மேல்தான் என் பெரிய கோபம். இந்தக் கூலர்களின் ரிவ்யூக்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரை இருக்கும் அறையில் சோதிக்கிறார்கள். காற்றால் குளிரும் எந்தக் கூலரும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துபோக முடியாது. அறையில் ஒரு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அங்கே 82 காட்டிய பிராசஸர், மொட்டைமாடிக்கு நேர் கீழே 38 டிகிரியில் வேகும் நம் அறையில் 95-ஐத் தாண்டும். அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும் அதே 12400, முடுக்கும்போது 117 வாட் வரை போகலாம் என்று இன்டெலின் அட்டவணையிலேயே இருக்கிறது. 2022-ல் வந்த ரைசன் 7000 வரிசையை 95 டிகிரியில் ஓடும்படிதான் வடிவமைத்தோம், அது பாதுகாப்பானதுதான் என்றது ஏஎம்டி. சரி, இருக்கட்டும். ஆனால் விளிம்பு வரைக்கும் முதலிலேயே ஓட்டிவிட்டால் வேலூர் வெயிலுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இதோடு கேபினட் கூத்து வேறு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே வண்ண வண்ணமாக மூன்று ஃபேன். அந்த ஃபேன்கள் எதை இழுக்கும்? கண்ணாடியையா? மூக்கைப் பொத்திவிட்டு ஓடச் சொல்கிற வேலை. பக்கத்து மூடியைக் கழற்றியதும் டெம்பரேச்சர் பத்து டிகிரி இறங்குகிறதா, உங்கள் கேபினட்தான் பிரச்சினை. வலை வைத்த முன்பக்கம் உள்ள கேபினட் அதே விலைக்குக் கிடைக்கிறது. அழகாக இல்லை என்று யாரும் காட்சிக்கு வைப்பதில்லை.

கெடுவதற்குக் காரணம் ஆடுகிறவன்தான் என்ற பேச்சு பெரிய கம்பெனிகளுக்கும் எவ்வளவு வசதியானது என்பதற்கு இரண்டு சாட்சிகள். 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் செத்தது. ஜனங்கள் துண்டைச் சுற்றிச் சூடேற்றி உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள். 2007-ல் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக்கி, 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டி வந்தது. சூடாவதும் ஆறுவதுமாக மாறி மாறி நடந்ததில் உள்ளே இணைப்புகள் விட்டுப்போயின என்று பிற்பாடு அவர்களே சொன்னார்கள். அடுத்தது இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள். கேம்கள் நடுவில் நின்றன. திரையில் வந்த செய்தியோ வீடியோ மெமரி போதவில்லை என்றது. எத்தனை பேர் அதை நம்பி நல்ல கார்டை மாற்றினார்களோ! முதலில் மதர்போர்டு அமைப்புகளின் பக்கம் கை காட்டினார்கள். 2024 ஜூலையில்தான், தங்கள் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுச் சிப்பைக் கெடுத்தது என்று இன்டெல் ஒத்துக்கொண்டது. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. அதற்குள் கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் மீட்கவில்லை.

இந்த இரண்டு வழக்கிலும் ஆடியவர்கள்தான் முதலில் கத்தினார்கள். அவர்கள் ஆடாமல் இருந்திருந்தால் கோளாறு வெளியே வந்திருக்கவே நாளாகியிருக்கும். கேம் என்பது கம்ப்யூட்டரைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் கூலரையும் மெலிந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் காட்டிக்கொடுக்கிறது.

'அதுக்காக வரம்பில்லாம ஆடணுமா?' என்று கேட்பவர்களுக்கு, வரம்பு வைக்க வேண்டியது எஃப்பிஎஸ்ஸுக்கு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வேலரன்ட்டை 250 எஃப்பிஎஸ்ஸில் ஓடவிட்டால் கண்ணுக்குப் பெரும்பாலும் கிடைக்காத சட்டகங்களுக்காகக் கார்டு வெந்துகொண்டிருக்கும். கேமின் செட்டிங்ஸில் ஒரு வரியை மாற்றினால் போதும், அறையே கொஞ்சம் ஆறும். தூசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புளோயரில் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும்.

தமிழில் ரிவ்யூ போடும் யூடியூப் பையன்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் ஸ்டுடியோ ஏசியை அணைத்துவிட்டு, மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, மூடியைப் போட்டபடி ஒரு மணி நேரம் கேமை ஓட்டிக் காட்டுங்கள். பிராசஸர் எண்ணுக்குப் பக்கத்திலேயே அறையின் டெம்பரேச்சரையும் திரையில் போடுங்கள். கம்பெனிக்காரன் அடுத்த முறை பொருள் அனுப்பாமல் போகலாம். அப்படி ஒரு வீடியோவுக்காகக் காத்திருக்கிற சப்ஸ்கிரைபர்கள் திருச்சியிலும் வேலூரிலும் இருக்கிறார்கள்.