மீதி 599 படங்கள் எங்கே?

போன மாதம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். கணவர் தவறி எட்டு மாதம். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதப் பெரிசாப் போட்டு ஃபிரேம் பண்ணிக் குடுங்கண்ணே" என்றார். சாம்பல் நிறக் கலங்கல். நடுவில் இரண்டு கரும்புள்ளி, அதன் கீழே ஒரு கீற்று. தண்ணீரில் ஆவியை வரவழைத்துப் படம் பிடித்துத் தருவதாகச் சொன்ன யாரோ, ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பியதாம்.

நாற்பது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஒரே ஃபிலிமில் ஒரே ஆளை இரண்டு தடவை எடுத்து, அவரே அவருக்கு மாலை போடுகிற மாதிரி படம் செய்து கொடுத்தவன். இதே ரகத் தொழிலில் பேய்ப்படம் விற்றவர் பாஸ்டன் நகரத்து வில்லியம் மம்லர். 1869-ல் நியூயார்க்கில் அவர் மேல் மோசடி வழக்கு நடந்தது. வேடிக்கைக் காட்சிகளுக்குப் பேர்போன பி.டி. பார்னமே வந்து அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார் (பாம்பின் கால் பாம்பறியும்). ஏமாற்று என்றுதான் படுகிறது, நிரூபணம் போதவில்லை என்று நீதிபதி விட்டுவிட்டார். லிங்கனின் மனைவி மேரி மம்லரிடம் படம் எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு. அவர் தோளில் கைவைத்தபடி, புகைபோல லிங்கன் நிற்பார்.

மம்லர் சமாசாரம் எனக்குப் புரிகிறது. அது கண்ணாடித் தகட்டில் செய்த தில்லுமுல்லு. தண்ணீர்ப் படத்தில் அந்த வேலையே கிடையாது. ஜெர்மனியில் ஆகன் நகரத்துப் பக்கம் கிளாவுஸ் ஷ்ரைபர் என்பவர், 1985-ல் வீடியோ கேமராவை டிவி திரைக்கே திருப்பி வைத்து, அதில் சுழன்ற ஒளிமூட்டத்தில் இறந்த மகளின் முகம் தெரிந்ததாகச் சொன்னார். அவர் வழியில் வந்தவர்கள் இப்போது டிவிக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துக்கொள்கிறார்கள். செய்கிறவர் உண்மையாகவே நம்பிச் செய்யலாம். எனக்குப் பயமே அங்கேதான்.

சும்மா பேசக்கூடாதென்று நானும் செய்து பார்த்தேன். எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர், பக்கவாட்டில் ஒரு டார்ச், விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. விரலால் விளிம்பைத் தட்டிவிட்டு 20 வினாடி வீடியோ. வினாடிக்கு 30 படம் என்றால் மொத்தம் 600. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு சிற்றலையும் ஒரு வளைந்த கண்ணாடிதான். வெளிச்சத்தை ஓரிடத்தில் குவிக்கும், ஓரிடத்தில் சிதறடிக்கும். இருட்டில் எடுத்ததால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வேறு. பதினோரு முகம் கிடைத்தது. ஒன்று அசல் எங்கப்பா, முண்டாசோடு. உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

வீட்டில் காட்டினேன். "உங்கப்பாவா? எங்க சித்தப்பா மாதிரில்ல இருக்கு" என்றாள் மனைவி. பேரன் கொரில்லா என்றான்.

2014-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ குழு வெறும் இரைச்சல் படங்களைக் காட்டி, இவற்றில் பாதியில் முகம் இருக்கிறது என்று சொல்லி வைத்தது. ஒன்றிலும் முகம் கிடையாது. ஆனாலும் பார்த்தவர்கள் நூற்றுக்கு 34 தடவை முகம் தெரிகிறது என்றார்கள். மூளையில் முகத்துக்கென்றே உள்ள பகுதியும் அப்போது வேலை செய்தது. நம்மூரில் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர்களுக்கு இது அப்போதே தெரியும். சின்னப் பிள்ளையை உட்காரவைத்து, "ஆள் தெரியுதா? சட்டை என்ன கலரு?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

ஸ்டுடியோக்காரனாக எனக்கு ஒன்று தெரியும்: படம் உண்டாவது கேமராவில் பாதி, பொறுக்குகிற இடத்தில் பாதி. என் 600-ல் அப்பாவை எடுத்தது செல்போன் அல்ல, நான். ஆகவே தண்ணீரில் ஆவி வருகிறது என்பவர்களை நான் கேலி செய்யப்போவதில்லை. பரிசோதனை என்றால் பரிசோதனையாகச் செய்யுங்கள். மீதி 599-ஐயும் காட்டுங்கள். இன்னார் என்று சொல்லாமல், அந்தக் குடும்பத்தை அறியாத பத்துப் பேரிடம் கொடுத்து, பத்துப் புகைப்படங்களில் இது யாருடைய முகம் என்று கேளுங்கள். அதுவரை காசு வாங்காதீர்கள். காசு வாங்கினால் அது போலீஸ் ஸ்டேஷன் சமாசாரம்.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அவர் படம் வேறே ஏதும் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் ஒரு கல்யாண குரூப் போட்டோ கொண்டுவந்தார். மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி, பாதி கண்மூடிய நிலையில் ஒருவர். ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். இடது காதுக்குக் கீழே ஒரு மரு. டச்சிங் செய்யும்போது அதை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

"இத எடுத்துடவாம்மா?"

"ஐயோ, வேணாம்ணே" என்றார்.