பாலைவனத்தில் பதினோரு மணி

அயல் தேசத்தில் உத்தியோகம் பார்த்து விடுமுறைக்கு வரும் நண்பர்களிடம் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எப்போது வந்தீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எப்போது திரும்புகிறீர்கள்?" என்பது. இவ்விரண்டுக்கும் நடுவே, அங்கே அவர் என்னதான் செய்கிறார் என்று விசாரிப்பவர்கள் மிகவும் அபூர்வம். நாமும் இந்தக் குற்றத்துக்கு உட்பட்டவர்களே. பன்னிரண்டு வருஷமாக அபுதாபியில் கட்டட இஞ்சினீயராக இருந்து வரும் நண்பர் ஒருவர், சென்ற வாரம் தம் மனைவியுடன் நம் வீட்டுக்கு வந்திருந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டு வைத்தோம்.

பாரசீக வளைகுடாவுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் எண்ணெயினால் மட்டும் ஏற்பட்டதன்று. அங்கே குளித்தெடுத்த முத்துக்கள் பம்பாய்க் கடைவீதிக்கு வந்துகொண்டிருந்த காலம் உண்டு. நமது ரூபாயே அந்தச் சிறு ராஜ்யங்களில் செலாவணியாகவும் இருந்தது. 1959-ல் ரிசர்வ் பாங்கு அவர்களுக்கென்று தனியாக வளைகுடா ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966-ல் நமது நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் அபுதாபியும் துபாயும் அதைக் கைவிட்டன. இதற்கிடையில் பஹ்ரைனில் 1932-லும், குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் 1938-லும் எண்ணெய் கண்டார்கள். அபுதாபியிலிருந்து 1962-ல் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. ஒரு காலத்தில் நமது ரூபாயைக் கொண்டு அவர்கள் அரிசி வாங்கினார்கள்; இன்று அவர்களுடைய திர்ஹத்தைக் கொண்டு நாம் மாடி கட்டுகிறோம்.

நண்பர் தம் தினசரி வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். கோடை காலத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிட வேண்டும். ஐந்தரை மணிக்கெல்லாம் வேலைத்தலத்தில் இருப்பார். பீஹார், நேபாளம், வங்காள தேசம், பாகிஸ்தான் ஆகிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் அவருக்கு முன்பே வந்து நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் பொது பாஷை ஹிந்தி. சென்னையில் இருபத்திரண்டு வயது வரையில் தலையில் ஏறாத ஹிந்தியை, அந்த மணல்வெளியில் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டாராம். "இலக்கணம் கிடையாது ஸார்! ஆனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வோம்" என்றார்.

மாலையில் அறைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு, டெலிபோனை எடுக்கும்போது மணி எட்டரை ஆகிவிடும். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. ஆகையால் இங்கே பத்து மணி, மகன் தூங்கிப்போயிருப்பான். சில வருஷங்கள் குடும்பத்தை அங்கே அழைத்து வைத்திருந்தார். வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் சேர்ந்து மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடவே, மறுபடியும் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அப்புறம் தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். கோடையில் கான்கிரீட் போடுவது நாம் நினைப்பதுபோல் சுலபமான காரியம் அல்லவாம். உஷ்ணம் அதிகமானால் கலவை வேண்டிய நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கும்; மேற்பரப்பிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் பிளவு காணும்; பிற்காலத்தில் பலமும் குறையும். ஆகவே கலக்கும்போதே பனிக்கட்டித் தூளும் குளிரவைத்த தண்ணீரும் சேர்க்கிறார்கள். பெரிய தளங்களை இரவில் போடுகிறார்கள். லாரி வந்து நின்றதும் கலவையில் உஷ்ணமானியைச் செருகிப் பார்ப்பது வழக்கம். அவர் வேலை பார்க்கும் இடத்தில் 32 டிகிரி எல்லை. அதற்கு மேலிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். எவ்வளவு பணம் நஷ்டமானாலும் அதில் தாட்சண்யம் கிடையாது.

கலவைக்கு இவ்வளவு உபசாரம் என்றால், அதைக் கொட்டிப் பரப்பும் மனிதனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டோம்.

அதற்கும் சட்டம் இருக்கிறது என்றார் நண்பர். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையில், பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் வீதம், 50,000 திர்ஹம் வரையில் அபராதம். நடுவில் நிறுத்த முடியாத சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இது நல்ல சட்டந்தான், உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்குக் கடிகாரம் தெரியுமே தவிர, கடற்கரைக் காற்றிலுள்ள ஈரம் தெரியாது. காற்று வறண்டிருந்தால் வியர்வை உலர்ந்து தேகம் குளிரும். ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உள்ளிருக்கும் சூடு வெளியேற வழியின்றித் தங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் பன்னிரண்டரை மணி வரையில் காத்திருப்பது அபாயம்.

சென்ற ஜூலை மாதத்தில் அத்தகைய நாள் ஒன்று வந்தது. காலை பதினோரு மணி. கம்பி கட்டிக்கொண்டிருந்த வயதான ஆள் ஒருவர் திடீரென்று கையிலிருந்த கொறட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நண்பர் அருகில் சென்று பெயரைக் கேட்டார். அவர் தம் ஊரின் பெயரைச் சொன்னார். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மாட்டைக் கட்டிவிட்டு வருகிறேன் என்றார். வெயில் மூளையைத் தாக்கினால் முதலில் பேச்சுத்தான் தடுமாறும் என்பது நண்பருக்குத் தெரியும். உடனே அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைத் தளர்த்தி, குடிதண்ணீர்த் தொட்டியிலிருந்த குளிர்ந்த நீரைத் தலையிலும் உடம்பிலும் ஊற்றி, விசிறி, ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினார். பிறகு மற்ற எல்லோரையும் பார்த்து, "இன்றைக்கு மத்தியானம் வரை இவ்வளவு போதும், கீழே இறங்குங்கள்" என்று உத்தரவிட்டார்.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை நண்பருடைய மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. சட்டம் நிறுத்தச் சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக வேலையை நிறுத்தியதற்குக் காரணம் என்ன, அதனால் ஏற்பட்ட தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள். "நானே பொறுப்பு" என்று ஒரே வரியில் பதில் எழுதினாராம்.

வாசகர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அங்கே உத்தியோகம் போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. தங்கியிருக்கும் அனுமதியும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கேயோ வீட்டுக் கடன் பாக்கி நிற்கிறது. அந்த ஒற்றை வரிக்குப் பின் மூன்று வாரம் அவருக்குச் சரியான தூக்கமில்லை. ஆனால் அடுத்த கடிதம் வரவில்லை, வேலையும் போகவில்லை.

வேலையை விட்டால் பெருந்தொகை கிடைக்கும் என்ற பிரமையும் நம்மிடம் இருக்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி, முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளம். நண்பரின் பன்னிரண்டு வருஷத்துக்குக் கணக்கிட்டால் 315 நாள். அதுவும் அடிப்படைச் சம்பளத்தின்பேரில்தான். வாடகைப்படியும் போக்குவரத்துப்படியும் சேராது. ஒப்பந்தத்தில் படிகள் பெருத்து அடிப்படை சிறுத்திருந்தால் கடைசியில் கைக்கு வருவதும் சிறுத்தேயிருக்கும். புதிதாகப் புறப்படும் பிள்ளைகள் மொத்தத் தொகையைப் பார்த்து மகிழாமல் இந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது. பத்தாவது வகுப்புத் தேறியவர்களுக்கு நம் சர்க்காரின் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்பது கௌரவமாகத் தோன்றலாம். ஒப்பந்தத்தை வேறு யாரும் சரிபார்த்துத் தரப்போவதில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

நண்பர் பேசி முடித்தபோது, நம் வீட்டில் கொடுத்த காபி அவர் முன்னால் ஆறிப்போயிருந்தது. அவருடைய மனைவி இவ்வளவு நேரமும் ஒன்றும் பேசவில்லை. இந்தச் செய்தியை அவரும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாடி எடுக்கப் பணம் போதவில்லை என்று நான் டெலிபோனில் சொன்னேனே, அது அந்த வாரமா?" என்று கேட்டார்.

"ஆமாம், அதற்கு மறுநாள்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நீ தூங்கியிருக்க மாட்டாய்."

அந்த அம்மாள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாடி இன்னும் இரண்டு வருஷம் கழித்துக்கூடக் கட்டிக்கொள்ளலாம். இனிமேல் அப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். எத்தனை மணியானாலும் நான் விழித்திருக்கிறேன்" என்றார்.

வளைகுடா நாடுகளில் உள்ள நம்மவர் தொகை ஏறக்குறைய 90 லட்சம். அவர்கள் அனுப்பும் பணத்தை நம் பாங்குகள் காசு பிசகாமல் கணக்கெடுத்து வைக்கின்றன. அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பதை விசாரித்து அறிய வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே அடுத்த தடவை விடுமுறைக்கு வரும் நண்பரைக் கண்டால், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பதற்கு முன், கொஞ்சம் உட்காரச் சொல்லி, அங்கே பதினோரு மணிக்கு வெயில் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.