வேடிக்கைக்கு அழைத்தவர் தண்ணீர் கொடுத்தாரா?

2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு நிறைவையொட்டிச் சென்னை மெரீனாக் கடற்கரையில் வான்சாகசக் காட்சி நடைபெற்றது. 72 விமானங்கள் பறந்தன. ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் கூடினர் என்று பெருமையோடு கணக்குச் சொன்னார்கள். காட்சி முற்பகல் 11 மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிந்தது. உச்சி வெயில், நிழலற்ற மணல். 5 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மயங்கி விழுந்தனர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று சென்று வந்தவர்கள் குமுறினர்.

ஆட்சியாளர் தந்த விடை யாது? விமானப்படை கேட்டதற்கும் மேலாக வசதி செய்தோம் என்றனர். குடை, தொப்பி, தண்ணீர் ஆகியவற்றுடன் வரும்படி முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது என்றார் சுகாதார அமைச்சர். மாண்டவர் குடும்பத்துக்குத் தலா 5 இலட்சம் ரூபா அறிவிக்கப்பட்டது. மாண்டபின் இலட்சம், தவித்த வேளையில் ஒரு குவளை நீரில்லை!

தானே விரும்பி ஆபத்தை ஏற்றவனுக்கு வழக்கில்லை என்னும் பழைய உரோமச் சூத்திரமே இங்கு வேறு வேடத்தில் வருகிறது. ஆனால், ஒருவனைத் தன் இடத்துக்கு அழைத்தவன் அவனது பாதுகாப்பில் நியாயமான கவனம் எடுத்தாக வேண்டும் என்பதும் சட்டமே. 1991இல் சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் என்ற வழக்கில், மாசற்ற நீரைப் பெறுவது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றமே கூறியிருக்கின்றது.

'தண்ணீரைக் கொண்டுவா' என்பது ஏழையைப் பார்த்துச் சொல்லத்தக்க சொல்லா? காலை முதல் வெயிலில் நிற்பவனுக்கு 2 லீற்றராவது வேண்டும். ஐவருள்ள குடும்பத்துக்கு 10 லீற்றர். அதாவது 10 கிலோ பாரம். இடுப்பிலே குழந்தையோடு நெரிசலில் நிற்கும் தாய் அதை எங்ஙனம் சுமப்பாள்? போத்தலை விலைகொடுத்து வாங்க வேண்டும். அல்லது தாகத்தோடு நிற்க வேண்டும். 15 இலட்சம் பேருக்கு 30 இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசர்கள் 300 போதும். 72 விமானங்களைப் பறக்கவிட வல்ல அரசுக்கு இது இயலாத காரியமா?

நம்மவர் இதனை எந்த அரசையும் கேட்டுச் செய்ததில்லை. திருவிழாக் காலத்தில் வீதிதோறும் தாகசாந்திப் பந்தல் போட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்ப்பது நம் வழக்கம். காலையிலே உப்பிட்ட பழந்தண்ணி குடித்துத் தோட்டத்தில் இறங்கும் விவசாயிக்கு, வியர்வையோடு உப்பும் போகிறதென்பதை எந்த மருத்துவரும் சொல்லத் தேவையில்லை. சோர்ந்து விழுந்தவருக்குக் கொடுக்க, ஒரு லீற்றர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கரைத்தாற் போதும். செலவு சில ரூபாய்களே. நினைவு தப்பியவரின் வாயில் மாத்திரம் எதனையும் ஊற்றலாகாது. உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் முற்றவெளியிலும் 2024 மார்ச்சில் இலங்கை விமானப்படை கண்காட்சி நடத்தியது. அந்தப் படையின் விமானங்களை நம் மக்கள் எக்கோலத்திற் பார்த்தவர்கள் என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இனி எவர் நம் மண்ணில் மக்களைத் திரட்டினாலும், அது படையாயினும் கட்சியாயினும், இலவசக் குடிநீர் எங்கெங்கே, எத்தனை லீற்றர் என்பதை எழுத்திலே காட்டாதவரை மைதான அனுமதி வழங்கலாகாதென்று உள்ளூராட்சி மன்றங்களைக் கோருகிறோம்.