சாம்பலும் சரக்குதான்

நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலை வீணாக்கியதில்லை. பாத்திரம் துலக்கியது போக மீதி அவரைப் பந்தலுக்குப் போய்விடும். அனல் மின்சார நிலையங்களில் நிலக்கரி எரிந்து குவியும் சாம்பலுக்கோ போக்கிடம் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அது படிந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்ததை நாடறியும்.

அந்தச் சாம்பலிலேயே புகையோடு பறக்கும் நுண்ணிய தூள் கான்க்ரீட்டுக்கு உற்ற நண்பன். சிமிண்டு நீருடன் கூடி இறுகும்போது சிறிது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. சாம்பல் அதைப் பற்றிக்கொண்டு பசையாகி, நுண்துவாரங்களை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 1953-ல் முடிவுற்ற ஹங்ரி ஹார்ஸ் அணையில் இச்சாம்பலைச் சேர்த்தே கட்டினார்கள். இந்தியத் தர விதிப்படி, சாம்பல் கலந்த பி.பி.ஸி. சிமிண்டில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை அது இருக்கலாம்.

"இது கலப்படமல்லவா?" என்று வீடு கட்டுவோர் திடுக்கிட வேண்டாம். ஆலையில் அளந்து சேர்ப்பது வேறு. அடுப்புச் சாம்பலை மனம் போனபடி கொட்டுவது வேறு. ஆனால் ஒன்று: இந்தக் கான்க்ரீட் நிதானமாகவே பலம் பெறும். சாதாரண சிமிண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டுமென்றால், இதற்கு 10 நாள். கடும் வெயிலில் 14 நாள். மேஸ்திரி அவசரப்படுவார், நீங்கள் இணங்காதீர்கள். தளம் வெடித்த பிறகு சாம்பலை நொந்து பயன் என்ன? குடமும் கையுமாய் இன்னும் சில நாள் நின்றுவிடுங்கள்.