திருக்குளத்து நீரும் வீட்டுக் கூரையும்

தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாட்கள் திருமயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலில் தெப்போற்சவம் நடைபெறுகிறது. விளக்கொளியில் தெப்பம் வலம் வருகையில் நான்கு கரைகளிலும் நெருக்கியடித்து நிற்கும் அன்பர்கள் கைகூப்பித் தொழுகின்றனர். கண்கள் சுவாமியின் மீதே இருப்பது இயல்பு. தெப்பத்தைத் தாங்கும் நீரை நினைப்பவர்கள் மிகக் குறைவு.

காவிரிக்கரைத் தலங்களின் குளங்களுக்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வரும். மயிலைக் குளத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மழை ஒன்றே அதன் வரவு. அம்மழை மூன்று வழிகளில் குளத்தை அடைகிறது. வானிலிருந்து நேரே விழுவது ஒரு பங்கு. மாட வீதிகளில் பெய்து வடிகால் வழியே வந்து சேர்வது மற்றொரு பங்கு. சுற்றுப்புறத்து நிலத்தில் இறங்கி, மண்ணுக்கடியில் நகர்ந்து, குளத்தினுள் ஊறுவது மூன்றாம் பங்கு. கண்ணுக்குத் தெரியாத இம்மூன்றாம் பங்கே குளத்தின் உயிர். நிலத்தடி நீர்மட்டம் குளத்தின் தரைக்கு மேலே இருக்கும்வரை ஊற்று சுரக்கும். அது கீழே இறங்கிவிட்டால், குளத்தில் பெய்த மழையையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். வறட்சி ஆண்டுகளில் இத்திருக்குளம் கட்டாந்தரையாகக் கிடந்ததையும், அதில் சிறுவர்கள் பந்து விளையாடியதையும் பழைய மயிலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

குளம் வற்றியபோதெல்லாம் கோயில் நிர்வாகத்தை நோக்கியே விரல்கள் நீண்டன. அந்தக் குளத்திலிருந்து ஒரு குடம் நீரையும் எவரும் எடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள தெருக்களில் ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமும் ஆழ்துளைக் கிணற்றின் வழியே அதே நீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. கிணறும் குளமும் மேலே வெவ்வேறாகத் தோன்றினாலும் கீழே ஒரே நீர்தான். தரையில் களிமண் பரப்பி நீரைத் தேக்கிவைக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. தெப்போற்சவ நாட்களுக்கு அது உதவலாம். ஊரின் நீர்மட்டத்தை அது ஓர் அங்குலமும் உயர்த்தாது.

இதில் இன்னொரு அபாயமும் உண்டு. திருக்குளத்திலிருந்து கடற்கரை இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே இருக்கிறது. சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரப் பகுதிகள் அனைத்திலும் மண்ணுக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் சற்றே கனமானது என்பதால் அது கீழே தங்குகிறது. நிலநீர் வல்லுநர்கள் இதற்கு ஒரு கணக்குச் சொல்கின்றனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவரும். ஆண்டுக்கணக்கில் இறைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று குழாயில் உப்புநீர் வருகிறதே என்று திகைக்கும் குடும்பங்கள் இந்த ஒன்றுக்கு நாற்பது கணக்கை அறியாதவை. அவ்வாறு உட்புகுந்த கடல்நீரை வெளியே தள்ளுவதற்கு மேலிருந்து இறங்கும் மழைநீரைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

மழை குறைவான ஊர் என்று சென்னையைச் சொல்லவும் முடியாது. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, சுமார் 223 சதுர மீட்டர். ஆகவே ஒரு கிரவுண்டு மனையின் மீது ஓராண்டில் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் மழை விழுகிறது. ஆவியாவது, சிந்துவது போக இரண்டரை லட்சம் லிட்டரை நிலத்துக்குள் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால், 12,000 லிட்டர் கொள்ளும் பெரிய தண்ணீர் லாரியில் அது இருபது லாரி.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து இறங்கியது. அந்த ரயில் முழுவதும் கொண்டுவந்த நீர், மேற்கண்ட கணக்கின்படி, பத்து மனைகளில் ஓராண்டில் நிலத்துக்குள் அனுப்பக்கூடிய மழைநீருக்குச் சமம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், 2015 டிசம்பரில், அடையாறு கரைபுரண்டு இதே நகரத்து வீடுகளுக்குள் புகுந்திருந்தது.

இவற்றையெல்லாம் முன்னரே கண்டு சொன்னவர்கள் இல்லாமல் போகவில்லை. இயற்பியல் பயின்ற சேகர் ராகவன் 1990களில் பெசன்ட் நகர் வீதிகளில் வீடு வீடாகச் சென்று, மாடியின் மழைநீரைத் தெருவில் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர். அவருடைய முயற்சியில் 2002ஆம் ஆண்டு மந்தைவெளியில் மழைநீர் சேகரிப்பு முறைகளை எவரும் நேரில் கண்டு அறிந்துகொள்ள ஒரு மையம் அமைந்தது. மறு ஆண்டு, தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. 2003 ஆகஸ்டு இறுதிக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று கெடு விதித்ததால் பிளம்பர்களுக்கும் பி.வி.சி. குழாய்களுக்கும் அப்போது பெரும் கிராக்கி. 2005இல் பெருமழையும் பெய்தது. கிணறுகளில் நீர் ஏறியது, உவர்ப்பும் குறைந்தது.

பிறகு மறதி வந்தது. அரசுக்குக் கணக்குக் காட்டுவதற்காக அவசரத்தில் தோண்டிய குழிகளில் பல வண்டலும் இலைச்சருகும் அடைத்து மூடிக்கொண்டன. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சிலவற்றின் மீது சிமெண்ட் தளம் போடப்பட்டது. இவற்றைவிடத் தீங்கானது, மாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடுவது. அடைமழை நாட்களில் தெருவின் ஆள்நுழைவுக் குழிகள் பொங்கி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம். கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவோரும் உள்ளனர். அவ்வடிகால் ஏதேனும் ஒரு குளத்துக்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ செல்கிறது என்ற நினைவு அவர்களுக்கு எழுவதில்லை.

தியாகராய நகரின் நிலை சற்று வேறானது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைத் திசையில் நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியை வடித்துவிட்டு, 1920களில் அமைந்த குடியிருப்பு அது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டிலும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோட்டிலும் இன்று ஏரியும் இல்லை, கரையும் இல்லை. பெயர்ப்பலகைகள் மட்டும் நிற்கின்றன. பழைய ஏரிப்படுகை என்பதால் அங்கே பல இடங்களில் மேல்மண் களிமண். பெசன்ட் நகர் மணலில் நான்கடிக் குழி செய்யும் வேலையை மாம்பலத்துக் களிமண்ணில் செய்ய இயலாது. களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை இறங்கும் உறைகிணறு வேண்டும். பக்கத்து ஊரில் பார்த்ததை அப்படியே செய்துவிட்டு, இதனால் ஒரு பயனும் இல்லை என்று கைவிட்ட வீடுகள் பல.

நீரைச் சிக்கனமாகக் கையாளும் வழக்கம் வழிபாட்டிலேயே இருக்கிறது. ஆசமனத்துக்கு உள்ளங்கையில் ஏந்த வேண்டிய நீர், ஓர் உளுந்து மூழ்கும் அளவே என்று பெரியோர் விதித்திருக்கின்றனர். பஞ்சபாத்திரத்தில் உத்தரணி இருப்பதும் அதற்காகவே. சந்தியாவந்தனத்தை அந்த அளவில் முடித்துவிட்டு, குழாயைத் திறந்தபடி விட்டு முகம் மழிப்பது பொருந்துமா? நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரைக் கழிவாக்கும். சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளும் நீர், குடிக்கக் கிடைப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். அதை வாளியில் பிடித்தால் வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு மிகுந்திருப்பதால் துளசி மாடத்துக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். துளசிக்கு அரிசி களைந்த நீரே உகந்தது.

தூய்மையைப் பொறுத்தவரை, பக்தியின் பெயரால் குளத்தில் சேர்வனவற்றைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மீன்களுக்குப் பொரி இடுவது புண்ணியம் என்று பாக்கெட் பாக்கெட்டாகக் கொட்டுகின்றனர். மீன்கள் தின்றது போக மிஞ்சிய பொரி நீரில் அழுகி, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குறைக்கிறது. கோடை விடியற்காலையில் குளத்து மீன்கள் செத்து மிதப்பதற்கு இதுவும் காரணமாகிறது. உயிருக்கு உணவிடப் போய் உயிரைப் போக்குவது எந்தக் கணக்கில் சேரும்? அமாவாசைத் தர்ப்பணத்தின் எள்ளும் நீரும் முன்னோருக்கு உரியவை. தர்ப்பைக் கட்டும் வாழையிலையும் பிளாஸ்டிக் பையும் அவ்வாறு அல்ல. படித்துறை ஓரத்தில் ஒரு கூடை வைத்தால் அவை அதில் சேரும். நீரில் எச்சிலும் அழுக்கும் சேர்ப்பதைத் தர்ம சாஸ்திரங்கள் வெளிப்படையாகவே விலக்கியுள்ளன. விநாயக சதுர்த்திக்குப் பச்சைக் களிமண் பிள்ளையாரை வாங்கியவர்கள் வீட்டு வாளியிலேயே கரைத்து, அந்த மண்ணைச் செடிக்கு இடலாம். பட்டினப்பாக்கம் கடலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரங்களும் துதிக்கைகளும் கரையாமல் ஒதுங்கும் காட்சி எந்த அன்பருக்கும் மகிழ்ச்சி தராது.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஐப்பசி பிறக்கும் சமயத்தில் தொடங்கும். அதற்குச் சற்று முன்பு நவராத்திரி வந்துவிடும். கொலுப் படிகளையும் பொம்மைகளையும் இறக்கப் பரணில் ஏறும் நாளிலேயே மொட்டை மாடிக்கும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம். தளத்தைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்த சருகை எடுத்து, கீழே வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் வெளியே வாரி அலசி மீண்டும் இட்டு நிரப்ப, ஓர் ஆளுக்கு ஒரு பகற்பொழுது போதும். முதல் மழை மாடித் தூசியையும் புறா எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அதை மட்டும் கிணற்றில் சேராமல் வெளியே விட வேண்டும். அதற்கென ஒரு வால்வு வைத்திருக்கும் வீடுகளில், இரண்டாம் மழைக்கு முன் அதைத் திருப்பிவிட யாரேனும் ஒருவர் நினைவு வைத்துக்கொண்டால் சரி.