இட்லியில் ஓடும் வண்டிக்கு என்ன சலுகை?

மின்வாகனக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: “மாசில்லாப் பயணம், எல்லோருக்கும்.” ஆறேழு வருடமாகக் கேட்கிறேன். முதல் இரண்டு சொல்லைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மூன்றாவது சொல்தான் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது.

மாசில்லையா? நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் பிறக்கிறது. அண்ணா சாலையில் காணாமல்போகும் புகையை அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து அத்திப்பட்டுக்காரர்களிடம் விசாரிக்கலாம். கச்சா எண்ணெய் இறக்குமதி குறையுமாம். பஸ் கூடுதலாக விட்டாலும் குறையும்.

‘எல்லோருக்கும்’ என்பதற்கு வருவோம். 2022இல் மகளுக்கு சைக்கிள் வாங்கினேன், 7,500 ரூபாய். பில்லில் சிஜிஎஸ்டி 6, எஸ்ஜிஎஸ்டி 6 என்று இரண்டு வரி ஏறி 8,400 ஆகிவிட்டது. “சைக்கிளுக்குமா அண்ணாச்சி?” என்றேன். “தனியாப் பெடல் வாங்கினாலும் உண்டு சார்” என்றார், ஸ்போக்கை முறுக்கியபடி. அன்றைக்கே ஒருவர் ஒரு கோடிக்கு மின்சாரக் கார் எடுத்திருந்தால் அவருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 2019 ஆகஸ்டில் மின்வாகனத்துக்கு 12இலிருந்து 5ஆக இறக்கினார்கள். சைக்கிளை மறந்துவிட்டார்கள். பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம், காலையில் நாலு இட்லி போட்டால் பள்ளிக்கூடம்வரை ஓடும் வண்டி அது. அதற்கு 12.

“சொந்தக் காருக்கு நாங்கள் மானியமே தருவதில்லையே” என்று அரசுத் தரப்பில் மடக்குவார்கள். சரிதான், மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டமான ஃபேம் 2இல் கார் மானியம் வாடகை வண்டிகளுக்குத்தான் இருந்தது. ஆனால் வரியை விட்டுக்கொடுப்பதற்கு என்ன பெயர், மொய்யா? 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்வாகனக் கடன் வாங்கியவருக்கு, வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்வரை வருமான வரிக் கழிவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதமானது. பேட்டரிக் காருக்கு அப்போது முழு விலக்கு. கோடி ரூபாய்க் காரில் 20 லட்சம் மிச்சம். அந்தப் பணத்துக்கு என் மகளின் சைக்கிள், ஜிஎஸ்டியோடு சேர்த்தே, 238 வரும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும்போது வீண்செலவு என்று முணுமுணுப்பவர்கள் இந்த 20 லட்சத்தைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

மிதித்தும் ஓட்டக்கூடிய மின்சைக்கிளுக்காவது மானியம் இருந்ததா என்றால், ஃபேம் 2 பட்டியலில் அதுவும் இருக்கவில்லை. மின்ஸ்கூட்டருக்கு இருந்தது.

ஒருவழியாக 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம். கோடி ரூபாய் மின்சாரக் காருக்கும் அதே 5. பால்காரரும் கார்க்காரரும் சமமாகிவிட்டார்களாம்.

மேடையில் பேசுகிறவர்களே, சைக்கிளுக்கு வரியை அடியோடு எடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் பேசுங்கள்.