கவுன்சிலர் யாருடைய ஆள்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் தாமானில் ஓர் அண்ணன் நகராண்மைக் கழக உறுப்பினர் ஆனார். எந்தக் கழகம், எந்தக் கட்சி என்பதெல்லாம் வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் அவரைப் போல ஒருவர் இருப்பார். நியமனக் கடிதம் வந்த அன்று இரவே சாலை முனையில் பேனர் ஏறிவிட்டது. மறுநாள் கோயிலில் மாலை, பொன்னாடை. அந்த வாரமே தமிழ்ப் பத்திரிகையில் வாழ்த்து விளம்பரம். பதினைந்து கிளைத் தலைவர்களின் தபால்தலை அளவு முகங்கள் அவரைச் சுற்றி. ஒட்டுக்கடையில் என்னைப் பார்த்தவர், "தம்பி, நீ இஞ்சினியர்தானே? லோங்காங் பிரச்சினை ஏதாச்சும் இருந்தா சொல்லு, நான் பார்த்துக்குறேன்" என்றார். உண்மையில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நல்ல மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இவரை நாங்கள் எப்போது தேர்ந்தெடுத்தோம்?

இந்தக் கேள்வியை என் வயது நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நாவல் படிக்கிறவர்கள், இலக்கியக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், பாலஸ்தீனத்தைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசக்கூடியவர்கள். கவுன்சிலருக்குத் தேர்தலே கிடையாது என்பது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "அது ஜென்ரல் எலெக்‌ஷன்ல சேர்த்து வருமில்ல?" என்றார் ஒருவர். அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. நானும் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குச் சேர்ந்து, வடிகால் வரைபடங்களைத் தூக்கிக்கொண்டு நகராண்மைக் கழகங்களின் கவுண்டர் கவுண்டராக அலைந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள். நியமிப்பது மாநில அரசு. ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேல் போகக்கூடாது, ஆனால் மீண்டும் மீண்டும் நியமிக்கலாம். தகுதி? ஊராட்சி விவகாரங்களில் பரந்த அனுபவம், அல்லது தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்கியிருப்பது, அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கும் ஆற்றல். அழகான வாசகம்தான். நடைமுறையில் தகுதி வேறு. செராமா இரவில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருக்க வேண்டும். கொடி கட்டியிருக்க வேண்டும். கிளைக் கூட்டத்தில் சரியான அணிக்குக் கை தூக்கியிருக்க வேண்டும். சட்டமன்ற வேட்பாளர் பட்டியலில் இடம் கிடைக்காதவருக்கு ஓர் ஆறுதல் பரிசு தேவைப்படும். அந்தப் பரிசுக்குப் பெயர்தான் கவுன்சிலர். ஆளும் கூட்டணிக் கட்சிகள் இத்தனை உனக்கு, இத்தனை எனக்கு என்று பிரித்துக்கொள்வதை யாரும் மறைப்பதுகூட இல்லை.

எங்கள் அண்ணனின் கதையை முடித்துவிடுகிறேன். தாமான் நுழைவாயிலில் ஒரு மணிநேரம் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நான் போய்ப் பார்த்தேன். சாலைக்கு அடியில் போகும் குழாய் பழைய காலத்தது. மேலே இருந்த செம்பனைத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் இப்போது தார்ச்சாலை வழியாக ஓடி வருகிறது. குழாயை மாற்றாமல் லோங்காங்கை எத்தனை தடவை தோண்டினாலும் பிரயோஜனமில்லை. இதை இரண்டு பக்கத்தில் கணக்கோடு எழுதிக் கொடுத்தேன். அண்ணன் விடவில்லை. கூட்டத்தில் பேசினார், அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினார், அடுத்த வருட பட்ஜெட்டில் வரும் என்று வாக்கு வாங்கினார். அடுத்த வருடம் வந்தது. அதற்குள் அவர் கட்சியில் தேர்தல் நடந்து, அவர் சார்ந்திருந்த தலைவர் தொகுதியில் தோற்றுப்போனார். புதிய நியமனப் பட்டியலில் அண்ணனின் பெயர் இல்லை. "கட்சியிலே நம்ம ஆளு கவுந்துட்டாரு தம்பி. அவ்வளவுதான்" என்று சிரித்தார். அவருக்குப் பதில் வந்தவர் வேறு ஊர்க்காரர். எனது இரண்டு பக்கம் எந்தக் கோப்பில் இருக்கிறதோ தெரியாது. தண்ணீர் இன்னும் நிற்கிறது.

நல்லவர் உள்ளே வந்ததற்கும் நாங்கள் காரணமில்லை, வெளியே போனதற்கும் நாங்கள் காரணமில்லை. கெட்டவர் வந்தாலும் இதே கதைதான். அதற்குக் கிள்ளானிலேயே ஊரறிந்த உதாரணம் இருக்கிறது.

2006ஆம் ஆண்டு கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினர் ஸக்காரியா முகமட் டெரோஸ் பண்டமாரானில், எளிய வீடுகளுக்கு நடுவே, நான்கு மாடி மாளிகை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ரயில்வே கேட் காவலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். அம்னோ வழியாக வளர்ந்து போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினரும் ஆனவர். மாளிகைக்குக் கட்டட வரைபடம் சமர்ப்பிக்கப்படவில்லை. பழைய வீட்டுக்குப் பன்னிரண்டு வருடமாக மதிப்பீட்டு வரி கட்டவில்லை. நம் வீட்டில் பின்பக்க அடுப்படியை நாலடி நீட்டினால் நோட்டீஸ் ஒட்டுகிற அதே கழகத்தில் அவர் உறுப்பினர். அவர் மட்டுமல்ல, அவருடைய மகனும் உறுப்பினர், மருமகளும் உறுப்பினர். ஒரு குடும்பம், மூன்று நாற்காலி!

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மாளிகை அல்ல. பேராசைக்காரர்கள் தேர்தல் உள்ள ஊரிலும் உண்டு. கவனிக்க வேண்டியது அவர் எப்படிப் போனார் என்பது. பத்திரிகைகள் எழுதின, சிலாங்கூர் சுல்தான் அதிருப்தி தெரிவித்தார், அதன் பிறகு மூவரும் கவுன்சிலர் பதவியைத் துறந்தார்கள். அரண்மனையும் பத்திரிகையும் தலையிட வேண்டியிருந்தது. அந்தக் கழகத்துக்கு வரி கட்டும் கிள்ளான்வாசியிடம் அவர்களை அந்த நாற்காலியிலிருந்து இறக்க ஒரு வழிகூட இல்லை. அந்தக் கிள்ளான் 2024இல் அரச மாநகரமாகிவிட்டது. பெயர்ப்பலகை மாறியது. நியமன முறை அப்படியே இருக்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. இதைத்தான் நம்மிடம் யாரும் சொல்வதில்லை. 1952 பிப்ரவரி 16இல் கோலாலம்பூர் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. 12 இடங்கள். அம்னோவும் மசீசவும் முதன்முதலாகக் கைகோர்த்து 9 இடங்களைப் பிடித்தன. இந்த நாட்டை அறுபது வருடம் ஆண்ட கூட்டணியே ஒரு நகராட்சித் தேர்தலில் பிறந்ததுதான். (மஇகா அந்தத் தேர்தலில் டத்தோ ஓன் கட்சியின் பக்கம் நின்று தோற்ற அணியில் இருந்தது. அதுவும் தெரிந்திருக்கட்டும்.) 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயரானவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி. எஸ். ராமநாதன். ஈப்போ நகராட்சி சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி கையில் இருந்தது.

1965 மார்ச் 1இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்களை நிறுத்தினார்கள். ஒத்திவைப்பு என்றுதான் சொன்னார்கள். மோதல் அடுத்த வருடமே ஓய்ந்தது. ஒத்திவைப்பு ஓயவில்லை. அதே 1965இல் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையின் ஜானகியைத் தெரிந்தவர்கள்கூட அவருடைய கணவர் எழுதிய அறிக்கையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. 1968 டிசம்பரில் முடிந்த அந்த அறிக்கை, ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. ஆளும் கூட்டணிக்குள் இருந்த ஒரு மஇகா தலைவர், தன் கூட்டணிக்கே கசக்கும் முடிவை எழுதினார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆதி நாகப்பன் 1976இல் காலமானார். தேர்தலை மொத்தமாக ஒழித்த சட்டமும் அதே 1976தான்.

அப்போதைய எதிர்க்கட்சிகள் ரொம்ப யோக்கியமா? 2008க்கு முன் ஊராட்சி மன்றத் தேர்தல் வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்கள், சிலாங்கூர் கைக்கு வந்ததும் நாற்காலிகளைப் பங்கு போட உட்கார்ந்தார்கள். பினாங்கு அரசாவது 2012இல் ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2018இல் மத்திய அரசே கைக்கு வந்தது. ஊராட்சி அமைச்சர் மூன்றாண்டுக்குள் தேர்தல் என்றார். அந்த வருடம் முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனப் பிளவு வரும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இது கொள்கை, ஆளும்போது தலைவலி. கட்சிக்காரனுக்குக் கொடுக்க நாற்காலி இல்லாமல் போனால் அடுத்த செராமாவுக்கு யார் நாற்காலி அடுக்குவது?

சரி, கட்சிகளைத் திட்டுவது சுலபம். எனக்குச் சண்டை நம்மோடுதான்.

நான் மதிக்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "எலெக்‌ஷன் வெச்சா நம்மாளு ஒருத்தன்கூட வரமாட்டான் தம்பி. இப்பவாச்சும் மூணு நாலு பேரு உள்ள உட்கார்ந்திருக்கான். அதையும் கெடுக்கப் பார்க்கிறியா?" இதை லேசாகத் தள்ளக்கூடாது. நாட்டில் நாம் சுமார் 7 விழுக்காடு. ஒரு நாடாளுமன்றத் தொகுதியில்கூட நாம் பெரும்பான்மை இல்லை. கோட்டா போனால் எல்லாம் போய்விடும் என்ற பயம் நியாயமானது.

ஆனால் அந்த மூன்று நாலு பேர் உள்ளே என்ன செய்ய விடப்படுகிறார்கள்? பெரும்பாலும் "இந்தியர் விவகாரம்" என்று ஒரு பெட்டி. கோயில், சுடுகாடு, தீபாவளிச் சந்தைக் கடை. மேம்பாட்டு அனுமதி, பட்ஜெட், குத்தகை போன்ற விஷயங்களில் அவர்கள் குரலுக்கு எடை இல்லை, ஏனென்றால் பின்னால் ஓட்டு இல்லை. கட்சிக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை பேசினால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. 2007 அக்டோபர் 30இல், தீபாவளிக்குச் சில நாட்களே இருக்கையில், பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை இடித்தது யார்? ஷா ஆலாம் மாநகர் மன்றம். நவம்பர் 25இல் கோலாலம்பூர் தெருக்களில் திரண்ட கூட்டத்தை அரசியல் எழுச்சி என்று நினைவுகூர்கிறோம். அந்தக் கோபத்தை மூட்டிய காரணங்களில் ஒன்று, யாரும் ஓட்டுப் போடாத ஒரு மன்றத்தின் நடவடிக்கை என்பதை மறந்துவிடுகிறோம்.

தொகுதி பெரிதாக இருக்கும்போதுதான் நாம் கரைந்துபோகிறோம். வட்டாரம் சின்னதானால் நாம் தெரிவோம். கிள்ளானில், செந்தூலில், பிரிக்ஃபீல்ட்ஸில் நான்கைந்து தெருக்கள் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கு ஓட்டெடுப்பு வைத்துப் பாருங்கள். நாம் ஜெயிக்காத இடத்தில்கூட நம் தெருவுக்கு வராமல் எவனும் ஜெயிக்க முடியாது. சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜார்ஜ்டவுனில் ராமநாதன் மேயரானது இனக் கோட்டாவில் அல்ல. பணம் விளையாடாதா, குண்டர்கள் வரமாட்டார்களா என்றும் கேட்பார்கள். வரலாம். இப்போது வரவில்லையா என்ன? அடுத்த தேர்தலில் துரத்த ஒரு வழியாவது இருக்கும்.

கோலாலம்பூர்க்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். அங்கே நியமன கவுன்சிலர்கூடக் கிடையாது. ஒரு டத்தோ பண்டார், ஓர் ஆலோசனை வாரியம், அவ்வளவுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் 2010இல் மன்மோகன் சிங்கை அழைத்து வந்து லிட்டில் இந்தியா திறந்தார்கள். 1905இல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீடுகள் அதே வட்டாரத்தில் பிறகு இடித்துத் தள்ளப்பட்டன. தோரண வாயில் வைப்பதா, பழைய வீடுகளைக் காப்பதா என்று அந்தத் தெருக்காரன் தன் பிரதிநிதியிடம் கேட்க வழியே இல்லை.

புக்கிட் கியாராவைப் பாருங்கள். எண்பதுகளில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அங்கே பால் மரம் வெட்டிய குடும்பங்களைத் தற்காலிகம் என்று ரூமா பாஞ்சாங்கில் குடியேற்றினார்கள். தற்காலிகம் நாற்பது வருடம் நீண்டது. அவர்களுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்ற பெயரில், பக்கத்திலிருந்த ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகளுக்கு மாநகர் மன்றம் 2017இல் அனுமதி கொடுத்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வாசிகள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. பூங்கா பிழைத்தது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆறு வருடம் வழக்கு நடத்த வசதி உள்ளவன் ஒரு பக்கம், வீட்டுக்காகக் காத்திருந்த தோட்டத் தொழிலாளி மறுபக்கம் என்று எதிரெதிரே நிறுத்தப்பட்டதை நான் எந்த வெற்றிப் பட்டியலிலும் சேர்க்க மாட்டேன். இருவரும் ஓட்டுப் போட்ட ஒரு மன்றம் இருந்திருந்தால் இந்தச் சண்டை முதலில் அங்கே நடந்திருக்கும்.

நம் எழுத்தையும் கேட்கிறேன். நான் படித்தவரையில் நம் கதைகளில் ரப்பர் தோட்டம் உண்டு, கோயில் உண்டு, குண்டர் கும்பல் உண்டு, இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது. பால் மரத்தை விட்டுத் தாமானுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. நம் குப்பையை, தண்ணீரை, கடை உரிமத்தை, சுடுகாட்டை முடிவு செய்யும் அந்த மண்டபத்துக்குள் ஒரு பாத்திரமும் நுழைந்து நான் பார்த்ததில்லை.

அதே 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றமே தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது. போன வருடம் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வாசலில் காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாருக்கோ போன் பண்ணிவிட்டு உள்ளே விட்டார். பார்வையாளர் பகுதியில் நாற்பது நாற்காலி இருக்கும். இரண்டு பேர்தான் இருந்தோம். நானும், ஒரு உறையில் லோங்காங் படங்களை வைத்துக்கொண்டிருந்த ஒரு சீன ஆண்ட்டியும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகக் கேட்டார்: "நீ எந்தக் கட்சி?"